ஏற்காடு விடுதியில் ஒரு நாள் முந்திப்போன முன்பதிவுகள்: நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் ஒன்றை ஒட்டி நடக்கும் தங்கும் விடுதியின் முன்பதிவு மென்பொருளில் 2025 மே மாதம் தலைதூக்கிய சிக்கலைப் பற்றியது இந்த ஆய்வு. மென்பொருளை எழுதியது சேலத்தில் இயங்கும் ஒரு சிறிய குழு. சீசன் உச்சத்தில் புகார்கள் குவிந்ததும், காரணத்தைக் கண்டுபிடித்துத் தரும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். விடுதியின் பெயரோ குழுவின் பெயரோ இங்கே தேவையில்லை. இதே பிழை எத்தனையோ மென்பொருள்களில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. அவற்றை எழுதியவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட லைப்ரரிகள் (மற்றவர்கள் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) தவறான வழியைச் சுலபமாகவும் சரியான வழியைச் சுற்றுவழியாகவும் வைத்திருந்தன. குற்றம் பெரும்பாலும் அங்கேதான் என்பது என் முடிவு.

புகார்

மே மாதத்து வார இறுதி என்றால் ஏற்காடு நிரம்பி வழியும். சென்னையிலிருந்து வருபவர்களில் பலர் வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறி, சனிக்கிழமை விடிவதற்குள் சேலம் சந்திப்பில் இறங்கி, பஸ்ஸோ வாடகைக் காரோ பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே வந்துவிடுவார்கள். பலர் அறை தேடுவதே ரயிலில் படுத்துக்கொண்டுதான். அதற்கு வசதியாக இந்த மென்பொருளின் கைப்பேசிப் பக்கத்தில் மூன்று பொத்தான்கள் இருந்தன: இன்று, நாளை, வேறு தேதி.

மே 17, சனிக்கிழமை காலை ஒரு குடும்பம் வந்தது. அவர்கள் கைப்பேசியில் "இன்று ஓர் இரவுக்கு அறை உறுதி" என்ற செய்தி இருந்தது. வரவேற்பறைப் பட்டியலில் பெயர் இல்லை. சரிபார்த்துச் சொல்கிறோம் என்று பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குடும்பம் பகோடா பாயிண்ட், ஏரி என்று சுற்றிவிட்டு மதியம் இரண்டு மணிக்குத் திரும்பியது. அதற்குள் அந்த அறை வேறொருவருக்குப் போயிருந்தது. கைப்பேசி எண்ணைப் போட்டுத் தேடியபோதுதான் பதிவு கிடைத்தது. தேதி 16, வெள்ளிக்கிழமை. நிலை: வரவில்லை. முந்தைய இரவுக்கு வராதவர்களின் பதிவை மறுநாள் நண்பகலில் மென்பொருள் தானாகவே முடித்து அறையை விடுவிக்கும். விதிப்படிதான் அது நடந்திருக்கிறது.

"அக்கா, நாங்கள் பணம் கட்டியதே சனிக்கிழமை பிறந்த பிறகுதான். வெள்ளிக்கிழமைக்கு எப்படிப் பதிவாகும்?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். வரவேற்பறை அக்கா இந்தக் கேள்வியை அப்படியே புகார் நோட்டில் எழுதி, பணம் கட்டிய நேரத்தையும் பக்கத்தில் குறித்து வைத்திருந்தார். இந்தச் சிக்கலில் மிகப் பெரிய உதவி அந்த நோட்டுதான்.

ஐந்தரை மணி

முதலில் எல்லோரும் வழக்கமான இடங்களில் தேடினார்கள். மலையில் சிக்னல் சரியில்லை. வாடிக்கையாளர் தவறான பொத்தானை அழுத்தியிருப்பார். பணம் செலுத்தும் சேவை தாமதித்திருக்கும். குழுவினர் தங்கள் அலுவலகத்தில் பலமுறை முயன்று பார்த்தும் ஒரு முறைகூடப் பிழை வரவில்லை. இன்று என்றால் இன்றுதான் பதிவானது.

நான் கேட்டது ஒன்றுதான்: புகார்களைத் தங்கும் தேதி வாரியாக அடுக்காமல், பதிவு செய்த மணி வாரியாக அடுக்குங்கள். அடுக்கியதும் படம் தெளிந்துவிட்டது. இரவு 12.52, 1.10, 2.35, 4.05, விடிகாலை 5.12: எல்லாம் பிழை. 5.34-க்குப் பதிவான ஒன்று சரி. அதே ரயிலில் வந்த இன்னொரு குழு முந்தைய இரவு 11.30-க்கு "நாளை" பொத்தானை அழுத்திப் பதிவு செய்திருந்தது, அதுவும் சரி. நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் நடுவே விழுந்தவை மட்டுமே முந்தைய நாளுக்குப் போயிருந்தன.

ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்ததும் பிழை எங்கே என்று பாதி தெரிந்துவிடும். இந்திய நேரம் உலகப் பொது நேரமான யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. நமக்குச் சனிக்கிழமை பிறந்த பிறகும் ஐந்தரை மணி நேரத்துக்கு யூடிசியில் வெள்ளிக்கிழமைதான் நடந்துகொண்டிருக்கும்.

நிரலில் "இன்று" என்பதைக் கணக்கிட்ட வரி இதைத்தான் செய்தது: இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தேதி-நேரத்துக்கென உள்ள டேட் வகையில் இந்தக் கணத்தை எடு, அதை ஐஎஸ்ஓ வடிவ (ஆண்டு-மாதம்-நாள், பிறகு மணி என்ற சர்வதேச வடிவ) எழுத்தாக மாற்று, முதல் பத்து எழுத்துகளை வெட்டிக்கொள். அந்த ஐஎஸ்ஓ மாற்றம் எப்போதும் யூடிசியில்தான் எழுதும். இரவு 1.10-க்கு அது தருவது 2025-05-16, 19:40. நேரத்தை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது 16-ஆம் தேதி. இந்த ஒற்றை வரி இணையமெங்கும் கிடைக்கிறது. படிக்கவும் அழகாக இருக்கிறது. காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை எத்தனை முறை சோதித்தாலும் சரியாகவே விடை தரும். அலுவலக நேரத்தில் வேலை செய்யும் எந்தக் குழுவின் கண்ணிலும் அது படாது.

சின்னக் கவனக்குறைவு, ஒரு வரியைத் திருத்தினால் போதும் என்று இதை முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியை எழுதியவர் என்ன தேடினார்? விடுதியின் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் இன்றைய தாளில் என்ன போட்டிருக்கிறது என்பதை. அதைக் கேட்பதற்கு மொழியில் ஒரு வகையே இல்லை. டேட் என்று பெயர் வைத்துக்கொடுத்தது 1970 ஜனவரி 1 முதல் கடந்த மில்லிவிநாடிகளின் எண்ணிக்கையைத்தான். அது ஒரு கணம். உலகம் முழுவதற்கும் அந்தக் கணம் ஒன்றே; ஆனால் அது எந்தத் தேதியில் விழுகிறது என்பது ஊரைப் பொறுத்தது. ஊரைக் கேட்காமலேயே தேதியைச் சொல்லிவிடும் வாசல்கள் அந்த வகையில் பல இருக்கின்றன. அவற்றில் சில யூடிசியை எடுத்துக்கொள்ளும், சில பயனரின் கருவி இருக்கும் நேர மண்டலத்தை எடுத்துக்கொள்ளும்.

இதன் வேர் 1995-இல் இருக்கிறது. அவசர அவசரமாக ஜாவாஸ்கிரிப்ட் உருவானபோது, ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழி போலவே இருக்க வேண்டும் என்பதற்காக ஜாவாவின் அன்றைய டேட் வகையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஜாவாக்காரர்கள் அதன் குறையை உணர்ந்து 1997-இல் வந்த 1.1 பதிப்பிலேயே அதன் பெரும்பாலான செயல்பாடுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் அது அப்படியே தங்கிவிட்டது. இன்னொரு வினோதமும் உண்டு: 2025-05-17 என்று தேதியை மட்டும் எழுத்தாகக் கொடுத்தால் அது யூடிசி நள்ளிரவு, அதனுடன் மணியையும் சேர்த்துக் கொடுத்தால் அது உள்ளூர் நேரம். அமெரிக்காவில் இருக்கும் மகன் ஏற்காட்டில் பெற்றோருக்கு அறை எடுத்தபோது, 17 என்று தேர்ந்தெடுத்தும் அவர் திரையில் 16 என்று காட்டியதற்கு இதுவே காரணம். நியூயார்க்கில் அந்தக் கணம் மே 16 இரவு எட்டு மணி.

இருபத்து மூன்று நிமிடம்

இரண்டாவது பிழை மனிதரை நோகடித்த பிழை என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த விடுதியில் செக்-இன் நேரம் நண்பகல் பன்னிரண்டு. அதற்கு முன்பு சாவி கொடுத்தால் கூடுதல் கட்டணம் உண்டு. மாத இறுதி அறிக்கை பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட தனி நிரலிலிருந்து வந்தது. அந்த அறிக்கைப்படி பன்னிரண்டுக்கு முன்பு சாவி வாங்கியவர்கள் பலர். அவர்களிடம் கட்டணம் வசூலானதாகக் கணக்கில் இல்லை. விடுதிக்காரரின் பார்வை வரவேற்பறை அக்காவின் மீது திரும்பியது.

"நான் கடிகாரம் பார்த்துத்தான் சாவி கொடுக்கிறேன் அண்ணா. பன்னிரண்டு அடிக்காமல் ஒருவருக்கும் கொடுத்ததில்லை" என்று அவர் சொன்னதை அங்கிருந்தவர்கள் முழுதாக நம்பவில்லை. கணினி பொய் சொல்லாது என்பது அவர்கள் எண்ணம்.

அக்காவின் கையெழுத்துப் பதிவேட்டையும் அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். பதிவேட்டில் 12.10, அறிக்கையில் 11.47. பதிவேட்டில் 12.21, அறிக்கையில் 11.58. பதிவேட்டில் 2.00, அறிக்கையில் 1.37. ஒவ்வொரு வரியிலும் அதே இருபத்து மூன்று நிமிடம். ஒரு மனிதர் இப்படிப் பிசகாமல் தவறு செய்ய முடியாது.

காரணம் பைடிஇசட் என்ற பழைய நேர மண்டல லைப்ரரி. அதில் கொல்கத்தா மண்டலத்தை எடுத்து, பைத்தானின் தேதிநேர வகைக்குள் இயல்பாகத் தோன்றும் வழியில் நேரடியாக ஒட்டினால், இந்திய நேரமாக 5 மணி 30 நிமிடத்துக்குப் பதிலாக 5 மணி 53 நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். கொல்கத்தா நகரின் தீர்க்கரேகைப்படி கணக்கிட்ட பழைய உள்ளூர்ச் சராசரி நேரம் அது: கிரீன்விச்சுக்கு 5 மணி 53 நிமிடம் 28 விநாடி முன்னே. உலகின் நேர மண்டலத் தரவுக்கோப்பில் இந்திய மண்டலத்தின் முதல் வரி இதுதான். அதற்குக் கீழே 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்ற சென்னை நேரம் வருகிறது. பிறகு 1906 முதல் இந்திய நேரம். அதற்கும் பிறகு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருந்த ஆண்டுகள். நம் நாட்டின் கடிகார வரலாறு முழுவதும் சில வரிகளில் அந்தக் கோப்பில் இருக்கிறது, அதைத் திறந்து படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். (நேரம் என்பது ஊரைப் பொறுத்தது என்பதற்குச் சேலமே சாட்சி. 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தை நாம் பின்பற்றுவதால், சேலத்தில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பன்னிரண்டுக்குச் சுமார் 17 நிமிடம் கழித்துத்தான்.) ஆனால் 2025-ஆம் ஆண்டு சாவி கொடுத்த நேரத்துக்கு அந்தப் பழைய வரி பொருந்தி வருவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பைடிஇசட்டின் கையேட்டில் நேரடியாக ஒட்டாதீர்கள், அதற்கென உள்ள தனிச் செயல்பாட்டைப் பயன்படுத்துங்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பலரும் அதோடு வாதத்தை முடித்துக்கொள்கிறார்கள். நான் ஏற்கவில்லை. இயல்பான வழியில் போனால் பிழை, கையேட்டைப் படித்தவர்களுக்கு மட்டும் சரி என்றால் அந்தக் கையேடு எச்சரிக்கைப் பலகைதான். பள்ளம் அங்கேயே இருக்கிறது. 2020-இல் வந்த பைத்தான் 3.9 பதிப்பு ஸோன்இன்ஃபோ என்ற சொந்த வழியைக் கொண்டுவந்து பள்ளத்தையே மூடிவிட்டது. அதில் நேரடியாக ஒட்டினாலே சரியான விடை வரும். அறிக்கை நிரலில் இரண்டு வரி மாறியதும் இருபத்து மூன்று நிமிடமும் மறைந்தது. விடுதிக்காரர் அக்காவை அழைத்து எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார்.

மூன்றாவது பிழையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீசன் கட்டணம் ஏப்ரல் 1 முதல் மே 31 வரை. ஜாவாஸ்கிரிப்ட் டேட் வகையில் ஜனவரிக்கு எண் பூஜ்யம். எழுதியவர் ஏப்ரலுக்கு 4, மே மாதத்துக்கு 5 என்று போட்டுவிட்டார். தொடக்கம் மே 1 ஆனது. முடிவு ஜூன் 31 ஆனது. அப்படி ஒரு தேதியே இல்லை என்று சொல்ல வேண்டிய லைப்ரரி, சத்தமில்லாமல் அதை ஜூலை 1 ஆக்கிக்கொண்டது. ஜாவாவின் புதிய வகைகளும் பைத்தானும் இதே இடத்தில் பிழையறிவிப்புத் தந்து நின்றிருக்கும்.

திருத்தம்

ஒவ்வொரு பிழையையும் தனித்தனியே ஒட்டுப்போடலாம். குழு அதைத்தான் முதலில் செய்ய நினைத்தது. சீசன் நடுவே அது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் நான் வேறொன்றைக் கேட்டேன்: மென்பொருளில் தேதியோ நேரமோ வரும் ஒவ்வோர் இடத்தையும் எடுத்து, இது என்ன என்று எழுதுங்கள். பணம் கட்டியது கணம். உலகம் முழுவதற்கும் ஒன்று. தங்கும் நாள் வெறும் தேதி; அதற்கு மணியும் இல்லை, மண்டலமும் இல்லை. செக்-இன் பன்னிரண்டு மணி என்பது வெறும் மணி, தேதி இல்லை. மே 17 பன்னிரண்டு மணிக்கு ஏற்காட்டில் அறை தயாராக இருக்க வேண்டும் என்பது தேதியும் மணியும் ஊரும் சேர்ந்த ஒன்று. இந்த நான்கையும் இதுவரை ஒரே வகைக்குள் திணித்து வைத்திருந்தார்கள்.

இப்படிப் பிரிப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜாவாவுக்காக ஸ்டீபன் கோல்போர்ன் 2002-இல் தொடங்கிய ஜோடா-டைம் என்ற லைப்ரரி இந்தப் பாதையைக் காட்டியது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த வகைகள் 2014 மார்ச்சில் ஜாவா 8-உடன் மொழிக்குள்ளேயே வந்தன. ஜான் ஸ்கீட் தொடங்கிய நோடா டைம், மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் தளத்துக்கு அதையே இன்னும் கறாராகச் செய்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் பலரும் நம்பியிருந்த மொமென்ட் என்ற லைப்ரரி, 2020 செப்டம்பரில் இனி புதிய வசதிகள் சேர்க்கப்படாது என்று அறிவித்து ஒதுங்கிக்கொண்டது. இப்போது மொழிக்குள்ளேயே டெம்போரல் வருகிறது: கணத்துக்கு ஒரு வகை, வெறும் தேதிக்கு ஒன்று, வெறும் மணிக்கு ஒன்று, ஊரோடு சேர்ந்த நேரத்துக்கு ஒன்று. மாதம் 1-இல் தொடங்குகிறது. உருவாக்கிய மதிப்பை யாரும் பின்னால் மாற்ற முடியாது. ஃபயர்பாக்ஸ் 139-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2025 மே முதல், அது கிடைக்கிறது; மற்ற பிரவுசர்களுக்காகக் குழு அதன் மாற்று லைப்ரரியைச் சேர்த்துக்கொண்டது.

தங்கும் நாள் வெறும் தேதி வகையானதும் ஐஎஸ்ஓ வெட்டுவரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. கணத்திலிருந்து தேதி வேண்டும் என்றால் எந்த ஊர் என்று சொல்லியாக வேண்டும். இருந்தாலும் டெம்போரலிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இன்றைய தேதி என்ன என்று அதனிடம் கேட்கும்போது ஊரைக் குறிப்பிடாவிட்டால், அது நிரல் ஓடும் கருவியின் மண்டலத்தை எடுத்துக்கொள்கிறது. நியூயார்க் மகனின் கைப்பேசியில் அது தப்பாகத்தான் முடியும். யூடிசியில் ஓடும் சர்வரிலும் தப்பாகத்தான் முடியும். ஜாவாவிலும் இதே சலுகை இருக்கிறது. நோடா டைம் அதைக் கொடுக்க மறுக்கிறது: கடிகாரத்திடம் கேட்டால் கணம் மட்டுமே கிடைக்கும், அதிலிருந்து தேதி வேண்டுமானால் மண்டலத்தை நீங்களே கையால் கொடுக்க வேண்டும். கூடுதலாகச் சில எழுத்துகள் தட்டச்சு செய்ய வைப்பதாக இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் எல்லா லைப்ரரிகளும் அப்படித்தான் இருக்க வேண்டும். எனவே குழுவின் நிரலில் "விடுதியின் இன்று" என்று ஒரே ஒரு செயல்பாட்டை வைத்தோம். அது விடுதியின் மண்டலத்தை மட்டுமே பயன்படுத்தும்; வேறு எங்கும் இன்றைய தேதியைக் கேட்க அனுமதி இல்லை.

தரவுத்தளத்திலும் ஒரு தெளிவு தேவைப்பட்டது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் நேர மண்டலத்துடன் கூடிய நேரமுத்திரை (தேதியும் மணியும் சேர்ந்த ஒற்றை மதிப்பு) என்ற வகை, பெயருக்கு மாறாக, மண்டலத்தைச் சேமிப்பதில்லை. கணத்தை மட்டுமே சேமிக்கிறது. பணம் கட்டிய நேரத்துக்கு அது சரியாகப் பொருந்தும். தங்கும் நாளுக்கு வெறும் தேதி வகை போதும்.

விடுதிக்காரரிடம் கேட்ட கேள்வி

வகைகளைப் பிரித்ததால் கிடைத்த பெரிய நன்மை, அதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வி மேலே வந்ததுதான். சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு மலையேறி வந்து உடனே படுக்கை கேட்பவர் எந்த நாளின் விருந்தினர்? நாள்காட்டியில் அவர் சனிக்கிழமைக்காரர். விடுதிக் கணக்கில் அந்த அறையின் வெள்ளி இரவு இன்னும் முடியவில்லை. பஞ்சாங்கத்தைக் கேட்டால் சூரியன் உதிக்கும் வரை வெள்ளிக்கிழமைதான்.

"அதில் என்ன சந்தேகம் தம்பி? ஆறு மணிக்கு முன்னால் வந்து சாவி கேட்டால் முந்தின இரவுக்குப் பாதி வாடகை. நாள் கணக்கு சனிக்கிழமையிலிருந்துதான். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் எழுதுகிறோம்" என்றார் விடுதிக்காரர். பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். வந்த தேதி, வந்த மணி, வாடகை தொடங்கும் தேதி என்று மூன்று தனித்தனிக் கட்டங்கள். மென்பொருளாக மாற்றியபோது மூன்றையும் ஒரே நேரமுத்திரையாகச் சுருக்கியிருந்தார்கள். இப்போது மூன்றும் மூன்று தனித்தனிக் கட்டங்களாகத் திரும்பிவிட்டன. ஆறு மணி விதியும் நிரலில் தனியாக, பெயரோடு இருக்கிறது.

சோதனைகளில் கடிகாரம் வெளியிலிருந்து கொடுக்கப்படுகிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இரவு 1.10, விடிகாலை 5.29, 5.31, பிப்ரவரி 29, நியூயார்க்கில் இருக்கும் கைப்பேசி என்ற நிலைகளில் முன்பதிவு ஓட்டிப் பார்க்கப்படுகிறது.

தீராமல் நிற்பவை இரண்டு. வெளி முகவர்கள் அனுப்பும் கோப்புகளில் 05/06 என்று வரும் தேதி ஜூன் 5-ஆ மே 6-ஆ என்பதை எந்த வகையாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் அனுப்பும்படி கடிதம் போயிருக்கிறது, சிலர் மாற்றியிருக்கிறார்கள். பழைய பதிவுகளில் பணம் கட்டிய கணம் பத்திரமாக இருப்பதால், நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் இடையே பதிவானவற்றைத் தனியே எடுக்க முடிந்தது. ஆனால் அவற்றில் எவர் "இன்று" பொத்தானை அழுத்தினார், எவர் "வேறு தேதி" வழியாகவே முந்தைய நாளைத் தேர்ந்தெடுத்தார் என்பது அப்போது குறித்து வைக்கப்படவில்லை. அதனால் "வரவில்லை" என்று முடிக்கப்பட்டவர்களை வரவேற்பறை அக்கா ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, முன்பணத்தைத் திருப்பி அனுப்பி வருகிறார்.